அமெரிக்க துப்பாக்கித் தடை 2004ல தானா காலாவதி ஆச்சே, யாரு பொறுப்பு?

#1 மலைக்கோட்டை77

அமெரிக்கால எங்கயாச்சும் ஸ்கூல்ல சுட்டுட்டாங்கன்னு நியூஸ் வந்தா ரெண்டு நாள்ல யாராவது ஒரு செனட்டர் மைக் முன்னாடி நின்னு ராணுவ ரகத் துப்பாக்கிங்க மேல 1994ல போட்ட பழைய தடையத் திரும்பக் கொண்டு வரணும்னு பேசுறாரு. அந்தத் தடை 10 வருஷம் இருந்துச்சு, 2004ல போயிடுச்சுங்கற வரைக்கும் தெரியும். எனக்குப் புரியாதது, அதை யாரும் ரத்து பண்ணல, கோர்ட்டும் செல்லாதுன்னு சொல்லல, அப்புறம் எப்படிப் போச்சு? அங்க இருக்கற நம்ம ஆளுங்க யாராச்சும் விவரமா சொல்லுங்கப்பா. "அமெரிக்காக்காரன் துப்பாக்கி வெறியன்"ங்கற ஒரு வரி பதில் வேணாம், அது டீக்கடையிலயே கிடைக்குது.

#2 சட்டப்புலி

அந்த சட்டத்துக்குள்ளயே முடிவு தேதி எழுதி இருந்துச்சு தலைவரே. கிளின்டன் கையெழுத்து போட்டது 1994 செப்டம்பர் 13, முடிஞ்சது 2004 செப்டம்பர் 13. நடுவுல காங்கிரஸ் மறுபடி ஓட்டு போட்டு நீட்டிக்கலன்னா தானா காலி. சன்செட் கிளாஸ்னு சொல்வாங்க.

ஏன் அப்படி ஒரு கெடு வெச்சாங்கன்னா ஓட்டு பத்தல, அவ்ளோதான். கீழ்சபைல அந்தத் தடைக்கு மட்டும் தனியா 1994 மே 5 ஓட்டெடுப்பு நடந்துச்சு, 216க்கு 214. ரெண்டே ஓட்டு வித்தியாசம். இத்தனைக்கும் ஃபோர்டு, கார்ட்டர், ரீகன்னு மூணு முன்னாள் ஜனாதிபதிங்க சேர்ந்து ஆதரிச்சு லெட்டர் எழுதியிருந்தாங்க, அதுல ரீகன் 1981ல குண்டடி பட்டு பொழச்சவரு, குடியரசுக் கட்சி சாமி மாதிரி கும்பிடற ஆளு. அவரு சொல்லியும் 216தான் வந்துச்சு. அப்புறம் ஆகஸ்ட்ல அது ஒரு பெரிய கிரைம் பில்லோட பகுதியா சபைக்கு வந்தப்ப, பில்ல விவாதத்துக்கு எடுக்கலாமாங்கற ஓட்டுலயே 210-225ன்னு கவுந்துடுச்சு, பத்து நாள் பேரம் பேசி செலவக் குறைச்சு அதை இதை மாத்தி 235-195ல நிறைவேத்துனாங்க. இப்படி ஒவ்வொரு ஓட்டா பொறுக்குற இடத்துல "பத்து வருஷம் பார்ப்போம், வேலை செய்யலன்னா தானா போயிடும்"ங்கறது தயங்குறவனுக்குக் குடுக்கற சமாதானம். என் கணக்குப்படி அந்தக் கெடு இல்லாம அன்னைக்கு பில் தேறியிருக்காது. அந்தக் கெடுவாலதான் 2004லயும் போச்சு.

#3 டெக்ஸஸ்_மாரி

புலி சார் அரசியலச் சொன்னாரு, சட்டத்துல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்றேன், ஏன்னா இங்க பேசறவங்க பாதிப் பேர் மெஷின் கன்ன தடை பண்ணதா நெனச்சிட்டிருக்காங்க. மெஷின் கன்னுக்கு 1934லயே கெடுபிடி வந்தாச்சு, 1986க்கு அப்புறம் புதுசா எதையும் சிவிலியன் பதிவு பண்ணவும் முடியாது. 94 தடை செமி ஆட்டோமேட்டிக்குக்கு, அதாவது ஒரு தடவ விசைய இழுத்தா ஒரு குண்டு. சில மாடல்களப் பேர் போட்டு தடை பண்ணாங்க, மத்ததுக்கு ஒரு லிஸ்ட் வெச்சாங்க: கழட்டி மாட்டற மேகசின் (குண்டு அடுக்கற பெட்டி) இருக்கற ரைஃபிள்ல மடக்கற கட்டை, பிஸ்டல் பிடி, பயோனெட் (முனைக் கத்தி) மாட்டற கொக்கி, சுடறப்ப வர்ற வெளிச்சத்தக் குறைக்கற ஃபிளாஷ் சப்ரஸர், கிரனேட் லாஞ்சர் இதுல ரெண்டு இருந்தா தடை. ஒண்ணு இருந்தா தடை இல்ல!

கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான், பயோனெட் கொக்கியையும் சப்ரஸரையும் எடுத்துட்டு அதே ஏஆர்-15 ரைஃபிள வேற பேர்ல வித்தான். பைக்ல சைலன்சரையும் க்ராஷ் கார்டையும் கழட்டிட்டு இது வேற வண்டி சார்னு ஆர்டிஓகிட்ட நிக்கற கதைதான். 2002ல வாஷிங்டன் பக்கம் ரெண்டு பேர் கார்ல ஒளிஞ்சு 10 பேர சுட்டுக் கொன்னாங்களே, அது தடைக்கு அப்புறம் தடைக்குத் தகுந்த மாதிரி செஞ்சு வித்த புஷ்மாஸ்டர் ரைஃபிள். கொலம்பைன் ஸ்கூல் சூடு 1999, தடை முழு அமல்ல இருக்கும்போது. ஒரு கம்பெனி தன்னோட டெக்-9 பிஸ்டல லேசா மாத்தி ஏபி-10னு வித்தான், ஏபின்னா "ஆஃப்டர் பேன்"னாம், அவ்ளோ தெனாவெட்டு. இதப் புதுப்பிக்கலன்னு எதுக்கு அழணும்?

#4 நியூஜெர்சி_நளினி

மாரி அண்ணா நீங்க எப்பவும் பயோனெட்ட வெச்சே பேசுவீங்க, மேகசின விட்டுடுவீங்க. அந்த சட்டத்தோட முக்கியமான பாதி அதுதான், 10 குண்டுக்கு மேல புடிக்கற மேகசின் புதுசா செஞ்சு விக்கக் கூடாது. சுடறவன் மேகசின் மாத்தற அந்த நேரத்துலதான் ஜனங்க ஓடுவாங்க, அவன் மேல பாய்ஞ்சு புடிப்பாங்க. 30 குண்டு ஒரே மூச்சுல போறதுக்கும் 10 குண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொக்கி வித்தியாசம் இல்லைங்க.

அதுலயும் ஓட்டை இருந்துச்சு, ஒத்துக்கறேன். தடைக்கு முன்னாடி செஞ்சது எல்லாம் செல்லும், வாங்கலாம் விக்கலாம். அந்த மாதிரி மேகசின் நாட்டுல கோடிக்கணக்குல கிடந்துச்சு, வெளிநாட்டுல இருந்து பழசுன்னு சொல்லி இன்னும் வந்துச்சு. அதனாலதான் பென்சில்வேனியா யுனிவர்சிட்டில கிறிஸ்டஃபர் கோப்பர் அரசாங்கத்துக்காக 2004ல குடுத்த ரிப்போர்ட் ரெண்டு பக்கமும் இழுபட்டுச்சு. தடைக்கு முன்னாடி துப்பாக்கிக் குற்றங்கள்ல இந்த ரகம் 2லேர்ந்து 8 சதவீதம் வரைதான், தடைய நீட்டிச்சாலும் மொத்த வன்முறைல தெரியற பாதிப்பு சின்னதா இருக்கலாம், அளக்கவே முடியாத அளவுக்கும் இருக்கலாம்னாரு. கூடவே பெரிய மேகசின்தான் முக்கியம், பழைய ஸ்டாக் தீர நாளாகும்னும் சொன்னாரு. துப்பாக்கிக்காரங்க சங்கமான என்ஆர்ஏ முதல் பாதியப் படிச்சுக் காட்டுச்சு, நாங்க ரெண்டாவது பாதிய. ரிப்போர்ட் வந்த வருஷமே சட்டம் முடிஞ்சா எதை அளக்கறது?

#5 வெட்டிப்பேச்சு

முன்னாடி செஞ்சது செல்லும்னா பழைய மேகசின் வெலை எகிறியிருக்குமே, எவனோ நல்லா சம்பாதிச்சிருக்கான் 😀

#6 டெக்ஸஸ்_மாரி

@வெட்டிப்பேச்சு ஆமா தம்பி, சரியா புடிச்ச. "ப்ரீ பேன்"னு எழுதி வெச்சா வெலையே வேற. தடை வரப்போகுதுன்னு பேச்சு அடிபட்டாலே இங்க கடைல கூட்டம் அள்ளும், இன்னைக்கும் அதே கதைதான்.

#7 மலைக்கோட்டை77

சரி, சட்டத்துல ஓட்டை இருந்துச்சு. ஓட்டை இருக்கற சட்டம் எல்லா ஊர்லயும் புதுப்பிக்கத்தான படுது. 2004ல நடந்தது என்ன? யாருமே முயற்சி பண்ணலயா?

#8 சட்டப்புலி

பண்ணாங்க, அந்தக் கதைதான் இதுல சுவாரஸ்யமே, ஆனா அதுக்கு முன்னாடி 1994 நவம்பர் தேர்தல சொல்லியாகணும். தடை வந்து ரெண்டே மாசத்துல ஜனநாயகக் கட்சி கீழ்சபைல 54 சீட்ட இழந்துச்சு, 40 வருஷமா கைல இருந்த சபை போச்சு. சபாநாயகர் டாம் ஃபோலி தன் சொந்தத் தொகுதியிலயே தோத்தாரு. டெக்ஸஸ்ல ஜாக் புரூக்ஸ்னு ஒருத்தர், 42 வருஷம் எம்பி, இந்தத் தடைக்கு எதிரா கமிட்டில முட்டுக்கட்டை போட்டு, கடைசில மொத்த பில்லுக்கு ஓட்டு போட்டதால என்ஆர்ஏ அவரையும் விடல. கிளின்டனே அப்புறம் என்ஆர்ஏவாலதான் சபை போச்சுங்கற மாதிரி பேசுனாரு. வரி, ஹெல்த்கேர்னு ஆயிரம் காரணம் இருந்துச்சு, ஆனா கட்சிக்காரன் மனசுல பதிஞ்சது துப்பாக்கிதான். 2000ல அவங்க ஜனாதிபதி வேட்பாளர் அல் கோர் சொந்த மாநிலம் டென்னஸியையும் மேற்கு வர்ஜீனியாவையும் கோட்டை விட்டதும் அந்த பயம் இன்னும் கெட்டியாச்சு.

1996 மார்ச்ல புது சபை தடைய ரத்து பண்ண 239-173ன்னு ஓட்டே போட்டுச்சு. செனட் எடுக்கல, எடுத்தாலும் கிளின்டன் வீட்டோ. அப்பதான் எதிர்ப்பாளர்களுக்கு ஒண்ணு வெளங்குச்சுன்னு நெனக்கிறேன்: ரத்து பண்ண ரெண்டு சபைலயும் ஓட்டு வேணும், ஜனாதிபதி கையெழுத்து வேணும், நாளைக்கு எதிராளி விளம்பரத்துல "இவர் கொலை ஆயுதத்துக்கு ஓட்டு போட்டவர்"னு காட்டுவான். சும்மா உக்காந்திருந்தா எதுவுமே வேணாம்.

இப்ப 2004. புஷ் 2000 பிரச்சாரத்துலயே தடைய நீட்டிக்கறத ஆதரிப்பேன்னு சொல்லியிருந்தாரு. ஜனாதிபதி ஆனதுக்கு அப்புறமும் வெள்ளை மாளிகை அதையே சொல்லுச்சு, பில் வந்தா கையெழுத்து போடுவாரு. பில் வந்தா! வர வைக்க ஒரு ஃபோன் கால் கூட அழுத்தமா போகல. கீழ்சபைல டாம் டிலே, அவங்க கட்சித் தலைவர், ஓட்டு கிடையாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாரு. ஆக ஜனாதிபதி ஆதரிக்கறாரு, அவர் கட்சிக்காரன் சபைக்குக் கொண்டு வர மாட்டேங்கறான், ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல. புரியுதுங்களா?

#9 நியூஜெர்சி_நளினி

புலி சார் மார்ச் 2ஐ விட்டுட்டீங்க, அதைச் சொல்லாம எப்படி.

2004 மார்ச் 2. துப்பாக்கி கம்பெனிங்க மேல பாதிக்கப்பட்டவங்க கேஸ் போடக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு பில் செனட்டுக்கு வருது, என்ஆர்ஏவுக்கு அது உயிர். கொண்டு வந்தது ஐடஹோ செனட்டர் லேரி கிரெய்க், அவரே என்ஆர்ஏ போர்டுல இருக்கறவரு. ஜனநாயகக் கட்சி செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அந்த பில்லோட வாலுல தடை நீட்டிப்ப ஒட்ட வெக்கறாங்க, குடியரசுக் கட்சில டிவைன், ஜான் வார்னர் மாதிரி ஆளுங்களும் கூட நிக்கறாங்க. ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜான் கெரி தன்னோட ஜனாதிபதி தேர்தல் பிரச்சாரத்த விட்டுட்டு பறந்து வந்து ஓட்டு போடறாரு. 52-47, ஜெயிச்சிருச்சு! எங்களுக்கெல்லாம் ஒரு நிமிஷம் நம்பிக்கை. உடனே என்ஆர்ஏ சொல்லிடுச்சு, இந்த வால் ஒட்டுன பில் எங்களுக்கு வேணாம், கொன்னுடுங்கன்னு. கிரெய்க் எழுந்து தன்னோட சொந்த பில்லுக்கே எதிரா ஓட்டு போடச் சொல்றாரு. 8-90. தான் கேட்ட பில்லையே தானே பொதைச்சுட்டு போனாங்க, ஏன்னா ஆறு மாசம் காத்திருந்தா தடை தானா சாகும், பில்ல அடுத்த வருஷம் சுத்தமா கொண்டு வரலாம். 2005 அக்டோபர்ல அதேதான் நடந்துச்சு, புஷ் கையெழுத்து.

ஃபைன்ஸ்டைனப் பத்தி ஒரு வார்த்தை. 1978ல சான் பிரான்சிஸ்கோ சிட்டி ஹால்ல மேயர் மாஸ்கோனியையும் கவுன்சிலர் ஹார்வி மில்க்கையும் சுட்டப்ப அந்தக் கட்டடத்துலயே இருந்தவங்க, மில்க் உடம்புல நாடி பார்க்கப் போய் குண்டுத் துளைல விரல் பட்டவங்க. 1993 விவாதத்துல இதே கிரெய்க்தான் அவங்களப் பார்த்து நீங்க துப்பாக்கியப் பத்தி இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்கற மாதிரி சொன்னாரு. அந்தம்மா சொன்ன பதில் இன்னைக்கும் வீடியோல இருக்கு, பாருங்க.

#10 டெக்ஸஸ்_மாரி

நளினிம்மா, கதை உண்மை, மறுக்கல. ஆனா கெரியையும் சேர்த்துச் சொல்லுங்க. மார்ச்ல பறந்து வந்து ஓட்டு போட்டவரு அக்டோபர்ல ஒஹையோல காமோ சட்டை போட்டு வாத்து வேட்டைக்குப் போய் கேமரா முன்னாடி நின்னாரு, நானும் துப்பாக்கிக்காரன்தான்னு காட்டறதுக்கு. உங்க கட்சிக்கே அந்தத் தடைய சொமக்க வெக்கமா இருந்தா எதிர்க்கட்சி எதுக்கு சொமக்கும்? செப்டம்பர் 13 அன்னைக்கு நாடு முழுக்க தெருவுல இறங்கிப் போராட்டமா நடந்துச்சு? கடையில மேகசின் வித்தான், ஜனங்க வாங்குனாங்க, முடிஞ்சுது. நான் இங்க வந்து கிரீன் கார்டு வாங்குனதுக்கு அப்புறம்தான் முதல் ரைஃபிள் வாங்குனேன், பக்கத்து வீட்டுக்காரன் பன்னி வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனான், இங்க காட்டுப்பன்னி தொல்லை உங்களுக்குத் தெரியாது. எங்கிட்ட இருக்கற பொருள பார்லிமென்ட்ல உக்காந்திருக்கறவன் படத்தப் பார்த்து தடை பண்ணா கோவம் வருமா வராதா, அந்தக் கோவம் வருஷம் பூரா இருக்கும், உங்க கோவம் சூடு நடந்த ரெண்டு வாரம்தான் இருக்கும். அரசியல்வாதி ரெண்டையும் எண்ணிப் பார்க்கறான்.

#11 நியூஜெர்சி_நளினி

கடைசி ரெண்டு வரி, அண்ணா, நீங்க பெருமையா சொல்றீங்க, நான் வயித்தெரிச்சலா சொல்றேன், விஷயம் ஒண்ணுதான். எம் பொண்ணுக்கு ஸ்கூல்ல லாக்டவுன் ட்ரில், லைட்ட அணைச்சு அலமாரி பின்னாடி சத்தம் போடாம உக்காரணும். அந்தக் கோவம் ரெண்டு வாரத்துல போறது இல்ல. ஆனா அதை ஓட்டா எண்ண எங்ககிட்ட என்ஆர்ஏ மாதிரி ஒரு அமைப்பு அன்னைக்கு இல்ல.

#12 வடலி_ரொறன்ரோ

நானும் ஒண்டு சொல்லலாமோ. கனடாவில நடந்தது இதுக்கு நேர் எதிர், முடிவு மட்டும் கிட்டத்தட்ட ஒண்டு. இஞ்ச 1995இல கிரெச்சியன்ர ஆட்சி வேட்டைத் துவக்குகளையும் பதிய வேணும் எண்டு சட்டம் கொண்டு வந்தது. மொன்றியலில 1989இல பொலிரெக்னிக் கல்லூரியில 14 பெம்பிளையளைச் சுட்டது எல்லாரின்ர மனசிலயும் கிடந்த காலம். கெடுத் திகதி ஒண்டும் இல்லை. ஆனா செலவு 20 லட்சம் டொலர்தான் எண்டு சொல்லித் துவங்கி, 2002இல கணக்காய்வாளர் நாயகம் 100 கோடியைத் தாண்டப் போகுது எண்டு அறிக்கை விட்டவ. கிராமப்புறத்தில அதுக்குப் பிறகு அந்தச் சட்டத்துக்கு மரியாதையே இல்லை.

பிறகு பிரதமரா வந்த ஹார்ப்பர் வெளிப்படையா ஓட்டுக்கு விட்டுத்தான் அதை எடுத்தவர். 2010இல முதல் முயற்சி 153க்கு 151 எண்டு தோத்தது. 2011இல பெரும்பான்மை கிடைச்ச உடன 2012இல சட்டத்தையும் நீக்கி, பதிஞ்சு வைச்ச தரவையும் அழிக்கச் சொல்லிப்போட்டார். கியூபெக் எங்கட மாகாணத் தரவையாவது தாங்கோ எண்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2015இல 5-4 எண்டு தோத்தது. அழிக்கிறதைப் பாருங்கோ, அடுத்தவன் வந்தாலும் திரும்பத் துவங்கேலாத மாதிரி. அந்த விசயத்தில ஹார்ப்பர் நேர்மையான எதிரி எண்டு நான் சொல்லுவன், தன்ர பேரிலதான் செய்தவர். புஷ் மாதிரி ஆதரிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு சாக விடேல்லை.

#13 மதுரை_வக்கீல்

கெடு வெச்ச சட்டம்னதும் நம்மூரு தடா ஞாபகம் வருது. 1985ல ரெண்டு வருஷத்துக்குன்னு வந்துச்சு, அப்புறம் நீட்டிப்பு, நீட்டிப்பு, நீட்டிப்பு. 1995 மே மாசம் நீட்டிக்காம விட்டதும் செத்துச்சு. அங்கயும் யாரும் ரத்து பண்ணல. ஆனா பிடிச்சு வெச்சவங்க மேல இருந்த கேஸ் பல வருஷம் ஓடுச்சு. அப்புறம் பொடா, அதுக்கும் மூணு வருஷக் கெடு, 2004ல கெடு முடியறதுக்குள்ள புது அரசாங்கமே ரத்து பண்ணிடுச்சு, ஏன்னா ரத்து பண்றதே அவங்களுக்கு ஓட்டு வாங்கித் தர்ற விஷயமா இருந்துச்சு. வைகோ பொடால உள்ள இருந்தது எல்லாருக்கும் தெரியும்.

#14 திண்ணை_மட்டுறுத்துநர்

வக்கீல் சார், ஒப்பீடு சரி, ஆனா தடா பொடாவுக்குத் தனி இழை இருக்கு, இங்க ஆரம்பிச்சா இன்னைக்குள்ள முடியாது. துப்பாக்கிச் சட்டத்தோட நிக்கட்டும்.

#15 சட்டப்புலி

வக்கீல் சார் சொன்னதுல ஒரு விஷயம் இங்கயும் பொருந்தும். கெடு முடியும்போது யாருக்கு வலிக்குதோ அவன் சத்தம் போட்டா சட்டம் பொழைக்கும். புஷ்ஷோட 2001 வரிக் குறைப்புக்கும் இதே மாதிரி 2010 கடைசில கெடு. நீட்டிக்கலன்னா எல்லார் வரியும் ஏறும், அதனால ஒபாமா காலத்துலயே ரெண்டு வருஷம் நீட்டிச்சு, 2013 ஜனவரில பெரும்பகுதிய நிரந்தரமாக்கினாங்க. துப்பாக்கித் தடை முடிஞ்சா யாருக்கு அன்னைக்கே வலிக்கும்? நாளைக்கு சுடப்படப் போறவனுக்கு. அவன் யாருன்னு அவனுக்கே தெரியாது.

துப்பாக்கிலயே இன்னொரு கெடு சட்டம் இருக்கு, யாரும் பேசறதில்ல. மெட்டல் டிடெக்டர்ல மாட்டாத பிளாஸ்டிக் துப்பாக்கி கூடாதுன்னு 1988ல ரீகன் போட்ட சட்டம். 1998, 2003, 2013னு ஒவ்வொரு தடவையும் நீட்டிச்சாங்க. அந்த மாதிரி துப்பாக்கி வெச்சிருக்கற வேட்டைக்காரன் எவனும் கிடையாது, எதிர்க்கவும் ஆள் இல்ல. அப்பக்கூட 2013ல 3டி பிரின்டர்ல செய்யறதுக்கும் சேர்த்து சட்டத்த இறுக்கலாம்னு ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷூமர் கேட்டாரு, குடியரசுக் கட்சி ஒத்துக்கல, பழையபடியே நீட்டிப்பு மட்டும்.

#16 மலைக்கோட்டை77

இது எனக்குப் புது விவரம். அப்ப சாண்டி ஹூக் ஸ்கூல் சூட்டுக்கு அப்புறமாவது வந்திருக்கணுமே? 20 குழந்தைங்க.

#17 சட்டப்புலி

2012 டிசம்பர்ல சாண்டி ஹூக். 2013 ஏப்ரல் 17 செனட்ல ஓட்டு. தடைக்கு 40-60, படு தோல்வி. வாங்கறவன் பின்னணிய சரிபார்க்கறத விரிவாக்கலாம்னு மான்சின்-டூமின்னு ரெண்டு கட்சி செனட்டருங்க சேர்ந்து கொண்டு வந்தது கூட 54-46, ஆனா 60 வேணும்ங்கற விதில செத்துச்சு. கவனிங்க, 2004ல 52 பேர் ஆதரிச்ச தடைக்கு 2013ல 40தான். சட்டம் இருக்கும்போது நீட்டிக்கறது ஒண்ணு, இல்லாதப்ப புதுசா கொண்டு வர்றது வேற. அந்த ஒம்பது வருஷத்துல ஏஆர்-15 வீட்டுக்கு வீடு போயிடுச்சு. தொழில் சங்கத்தோட கணக்கே இப்ப 2 கோடிக்கு மேலன்னு சொல்லுது. 2022ல டெக்ஸஸ்ல யுவால்டி ஸ்கூல் சூட்டுக்கு அப்புறம் கீழ்சபை 217-213ல மறுபடி தடைய நிறைவேத்துச்சு, செனட்ல 60 எங்க கிடைக்கும், அப்படியே கிடந்துச்சு.

#18 டெக்ஸஸ்_மாரி

2 கோடிங்கறது இனிமே கோர்ட்ல பேசப் போற நம்பர், பார்த்துக்கிட்டே இருங்க. சுப்ரீம் கோர்ட்டோட 2008 ஹெல்லர் தீர்ப்பு பொதுவா புழக்கத்துல இருக்கற ஆயுதத்துக்குப் பாதுகாப்பு உண்டுன்னுச்சு. 2022 புரூயன் தீர்ப்புல நாட்டோட பழைய வரலாற்றுல இந்த மாதிரி கட்டுப்பாடு இருந்துச்சான்னு காட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. மேரிலாந்து தடை மேல போன கேஸ 2025 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் எடுக்கல, ஆனா நீதிபதி கவனா தனியா எழுதுனாரு, இந்தக் கேள்விய சீக்கிரமே எடுக்கணும்னு. அப்ப மாநிலத் தடையும் போகும்.

#19 நியூஜெர்சி_நளினி

போகும்போது பார்க்கலாம் அண்ணா. 2004ல மத்திய தடை சாகப் போகுதுன்னு தெரிஞ்சதும் மாசசூசெட்ஸ் தன் மாநிலத் தடைய நிரந்தரமாக்குச்சு, கையெழுத்து போட்டது யாருன்னு நெனக்கிறீங்க, மிட் ராம்னி, குடியரசுக் கட்சி கவர்னர். எங்க நியூஜெர்சி 1990ல இருந்து, கலிஃபோர்னியா 1989ல இருந்து. ஹைலாண்ட் பார்க் சூட்டுக்கு அப்புறம் 2023ல இல்லினாய், அதே வருஷம் வாஷிங்டன் மாநிலம். இதுல எதுலயும் பத்து வருஷக் கெடு கிடையாது. 1994ல இருந்து எங்க ஆளுங்க ஒண்ணாவது படிச்சிருக்காங்க.

#20 வெட்டிப்பேச்சு

ஒரு டவுட்டு. மாசசூசெட்ஸ்ல தடை, பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர்ல தடை இல்ல, ஒரு மணி நேரம் கார் ஓட்டுனா வாங்கிட்டு வந்துடலாம் தானே? அப்புறம் மாநிலத் தடைல என்ன பிரயோஜனம்?

#21 டெக்ஸஸ்_மாரி

சட்டப்படி கடைல வாங்க முடியாது, கொண்டு வந்து வெச்சிருந்தாலும் குற்றம். ரைஃபிள் விக்கற லைசன்ஸ் கடைக்காரன் நீ எந்த மாநிலத்துக்காரனோ அந்த மாநில சட்டத்தையும் பார்த்துதான் தரணும், 1968ல இருந்து அப்படித்தான். லைசன்ஸ் இல்லாம தனியா விக்கறவன் வெளி மாநிலத்துக்காரனுக்கு விக்கவே கூடாது, ஆனா அவனப் புடிக்கறது கஷ்டம்.

#22 நியூஜெர்சி_நளினி

முதல் தடவையா மாரி அண்ணாவும் நானும் ஒரே பக்கம். அந்தத் தனியா விக்கறவனப் புடிக்கத்தான் 2013ல மான்சின்-டூமி வந்துச்சு, 54 ஓட்டு வாங்கியும் செத்ததே, அது.

#23 டெக்ஸஸ்_மாரி

அதுக்கு நான் எதிர்ப்பு சொல்லவே இல்லையே. எங்க ரேஞ்சுல பாதிப் பேர் பின்னணி சரிபார்ப்புக்கு சரின்னுதான் சொல்வாங்க. உங்க ஆளுங்க அதோட நிக்காம அதே நாள்ல தடையையும் ஓட்டுக்குக் கொண்டு வந்தா, எங்க ஆளுங்க ரெண்டையும் ஒண்ணாத்தான் பார்ப்பாங்க.